89,700 ரூபாய் வருமான வரி: எங்கள் தெருவுக்கு அதில் என்ன வருகிறது?

காலடிப்பேட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். தினமும் மெட்ரோவில் கிண்டிக்குச் சென்று ஒரு தனியார் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். ஆண்டுச் சம்பளம் 14,50,000 ரூபாய். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 89,700 ரூபாய் வருமான வரி வருகிறது. அதை நான் கையில் வாங்கிக் கட்டுவதில்லை. மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள்.

ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் மழைநீரும் கழிவுநீரும் கலந்து மூன்று நாட்கள் முழங்கால் அளவுக்கு நின்றன. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அந்தத் தண்ணீரில் நடந்ததால் காலில் புண் வந்து, ஒரு மாதம் தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்துக் கட்டுப்போட்டோம். பீரோவின் கால்களுக்கு அடியில் வைத்த செங்கற்களை அம்மா இன்னும் எடுக்கவில்லை, அடுத்த மழைக்கு இருக்கட்டும் என்கிறார்.

வரி கட்டக் கூடாது என்பது என் வாதம் அல்ல. இந்தப் பணம் எங்கே போகிறது, கட்டுகிறவனுக்கு அதில் நியாயமான பயன் கிடைக்கிறதா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர் எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுகள் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வரி என்பது கடையில் பொருளுக்குக் கொடுக்கும் விலை போன்றது அல்ல. நீங்கள் கட்டும் தொகை ஒன்றிய அரசின் தொகுப்பு நிதியில் சேர்ந்த கணத்திலிருந்து அதில் யாருடைய பெயரும் இருப்பதில்லை. ஆனாலும் கணக்குப் பார்க்க முடியும். 2025-26 வரவு செலவுத் திட்டத்தின்படி ஒன்றிய அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயிலும் 22 காசு மாநிலங்களின் வரிப் பங்காகவும், 20 காசு பழைய கடன்களுக்கான வட்டியாகவும், 8 காசு பாதுகாப்புக்கும், 6 காசு உணவு, உரம் போன்ற முக்கிய மானியங்களுக்கும், 4 காசு ஓய்வூதியத்துக்கும் போகின்றன. மீதம் ஒன்றிய அரசின் திட்டங்களுக்கும் மாநிலங்களுக்கான பிற நிதிக்கும் ஏனைய செலவுகளுக்கும் பிரிகிறது. அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் வருமான வரி 22 காசு. புதிதாக வாங்கும் கடன் 24 காசு.

இனி உங்கள் 89,700 ரூபாயை எடுத்துக்கொள்வோம். அதில் 86,250 ரூபாய்தான் வரி. மீதமுள்ள 3,450 ரூபாய் சுகாதாரம் மற்றும் கல்விக்கான 4 சதவீத மேல்வரி. செஸ் என்று நாம் சொல்லும் இந்த மேல்வரியை ஒன்றிய அரசு மாநிலங்களுடன் பகிர வேண்டியதில்லை. பகிரப்படும் தொகையில், 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக்குழு (ஒன்றிய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் குழு) மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது 41 சதவீதம். அந்த 41 சதவீதத்திற்குள் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். உங்கள் வரிக்கு அந்த விகிதத்தைப் போட்டால் மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்துச் சுமார் 35,360 ரூபாய் போகிறது; அதில் தமிழ்நாட்டுக்கு வருவது ஏறத்தாழ 1,440 ரூபாய்.

இந்த எண்ணைப் பார்த்து உடனே கோபப்பட வேண்டாம். மற்ற மாநிலத்தவர் கட்டும் வரியிலிருந்தும் நமக்குப் பங்கு வருகிறது. அது தவிர ஒன்றிய அரசு நேரடியாகச் செய்யும் செலவும் உண்டு. நீங்கள் தினமும் ஏறும் காலடிப்பேட்டை நிலையம், 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பாதையில் இருக்கிறது. அதில் ஒன்றிய அரசின் பங்குத்தொகையும் இருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில் நின்ற தண்ணீருக்கும் வருமான வரிக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது. வடிகாலும் கழிவுநீரும் மாநில, உள்ளாட்சிப் பொறுப்புகள். அவற்றுக்காக நீங்கள் சொத்து வரி, குடிநீர் வரி, அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி என்று தனியே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை அந்த வாசலில் கேட்பதே பலன் தரும்.

கொருக்குப்பேட்டை தையற்காரி எழுதியது:

ஐயா கூறிய கணக்கு எனக்குப் புதிது, பயனுள்ளது. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இத்தகைய பேச்சில் வரி கட்டுகிறவர்கள் என்றால் வருமான வரி கட்டுகிறவர்கள் மட்டும்தான் என்பது போல ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். வருமான வரி வரம்புக்கு அருகில்கூட என் வருமானம் வராது. ஆனால் செல்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கொடுக்கிறேன். நூல், ஊசி, பித்தான் எதுவும் வரியில்லாமல் என் கைக்கு வருவதில்லை. 300 ரூபாய் ரீசார்ஜில் நான் கொடுக்கும் வரியும் பொறியாளர் தம்பி கொடுக்கும் வரியும் ஒன்றே. என் கையில் அது கனக்கிறது.

நியாயமான பயன் கிடைக்கிறதா என்றால், எனக்குக் கிடைத்ததை மறைக்க மாட்டேன். என் கணவர் கன்டெய்னர் லாரியில் உதவியாளர். கதவு இடுக்கில் சிக்கி அவருடைய வலக்கை விரல்கள் நசுங்கியபோது ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவில்தான் சேர்த்தோம். இன்று அந்தக் கையால் அவரே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்கிறார். அந்தச் சிகிச்சைக்கு யார் யாருடைய வரி சேர்ந்ததோ, அவர்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவள். ஆகவே தம்பி, உங்களுக்கு நேரடியாகத் திரும்பி வராத பணம் வீணானது என்று எண்ணிவிட வேண்டாம்.

எர்ணாவூர் கரையோரம் எழுதியது:

அக்கா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். இருந்தாலும் தனி மனிதருக்கு என்ன கிடைத்தது என்பதோடு ஒரு பகுதிக்கு என்ன கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும். சென்னைத் துறைமுகம், மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையங்கள், அவற்றுக்கு வடக்கே காமராஜர் துறைமுகம் எல்லாம் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. நாடு முழுவதற்கும் வருவாய் ஈட்டித் தரும் இவற்றின் சுமையை மட்டும் நாம் உள்ளூரில் தாங்குகிறோம். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்ததால், மெரினாவில் மணல் சேர்ந்தது. ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்தது. இன்று எண்ணூர் நெடுஞ்சாலையோரம் மணலுக்குப் பதிலாகக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. எங்கள் தாத்தா வலை உலர்த்திய இடம் கடலுக்குள் இருக்கிறது.

ஏழை மாநிலங்களுக்குக் கூடுதல் பங்கு தருவதை நான் குறை கூறவில்லை. பதினைந்தாவது நிதிக்குழு, பங்கைப் பிரிக்கும்போது மாநிலங்களின் வருமான இடைவெளிக்கு, அதாவது தனிநபர் வருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு, 45 சதவீத எடை கொடுத்ததற்குக் காரணம் அதுதான். அதே அளவுகோலை ஒரு நகரத்துக்குள்ளும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மேலும், மேல்வரிகள் பெருகப் பெருக மாநிலத்துக்குப் பங்கில்லாத தொகை வளர்கிறது என்பதையும், பெட்ரோல், டீசல் மீதான ஒன்றிய வரியில் பெரும்பகுதி அந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் தம்பி கவனத்தில் கொள்ள வேண்டும்.

காலடிப்பேட்டைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. அந்த 1,440 ரூபாயை நேற்று இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் தன் காலைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். அக்காவின் பதிலைப் படித்த பிறகு, என் கேள்வியில் கட்டுகிறவன் என்று நான் எழுதியது எவ்வளவு குறுகலானது என்பதும் புரிந்தது. எங்கள் தெருவில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மழைநீர் வடிகால் கட்டினார்கள். அதன் வாய் சாலையைவிட உயரமாக இருப்பதால் தண்ணீர் அதற்குள் இறங்குவதே இல்லை. அந்தப் பணிக்கு எவ்வளவு செலவானது, எந்த மட்டத்தில் கட்டத் திட்டமிட்டார்கள் என்பதை எப்படிக் கேட்டுப் பெறுவது?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர் எழுதியது:

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மதிப்பீடு, அளவுப் புத்தகம் (கட்டி முடித்த பணியை அளந்து பதிவு செய்யும் புத்தகம்), வரைபடம், பணம் தந்த பட்டியல் (பில்) ஆகிய நான்கின் நகல்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அளவுப் புத்தகத்தில்தான் உண்மை இருக்கும். காகிதத்தைப் பெறுவதோடு நின்றுவிட வேண்டாம். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, பணியை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் மாதிரியை எடுக்கவும் உங்களுக்கு உரிமை அளிக்கிறது. ஆய்வு நாளில், தண்ணீர் நிரப்பி உயர வேறுபாடு பார்க்கும் மட்டக்குழாய் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். இயன்றால் நானும் வருகிறேன்.