கிளஸ்டரா, ஹார்மோனியாவா?

கேள்வி: ராத்திரி ஷிஃப்டில் கேட்க, பழைய கீபோர்டு ஒலியுள்ள ஆம்பியன்ட் (பின்னணியில் மெல்ல ஓடும் இசை) ஆல்பம் வேண்டும். க்ராட்ராக், அதாவது எழுபதுகளின் ஜெர்மன் சோதனை ராக் வாசனையும் இருக்கணும். ஜெர்மன் இருவர் குழுவான கிளஸ்டரின் 'சோவீசோசோ' ஆல்பம் சரிவருமா?

பதில் 1: தாராளமாக. 1976இல் வந்தது. ஜெர்மனியின் ஃபோர்ஸ்ட் கிராமத்தில், தாங்கள் குடியிருந்த பழைய வீட்டிலேயே பதிவு செய்தார்கள். முதல்முறை பாதியில் தூங்கிப்போனேன். குறையாகச் சொல்லவில்லை!

பதில் 2: ராத்திரி ஷிஃப்டில் தூங்கினால் வேலை போய்விடுமே. 1974இல் வந்த ஹார்மோனியா குழுவின் முதல் ஆல்பத்தைப் போடுங்கள். அதே கிளஸ்டர் இருவர்தான், கூடவே நொய் குழுவின் மைக்கேல் ரோத்தர் கிதார். டிரம்மருக்குப் பதில் ரிதம் பெட்டி. அதன் டொக் டொக்கில்தான் எனக்குப் பித்து.

கேட்டவர்: அந்த ஹார்மோனியா ஆல்பத்திலிருந்து 'வாட்டுசி' டிராக்கைப் போட்டேன். "மிக்சி ஓடுதா?" என்றாள் மனைவி. அப்புறம் ஹெட்ஃபோனில் மூன்று தடவை கேட்டாச்சு.