வீட்டில் ஏழு கிலோ ஆப்பிள், அப்பாவுக்கோ சர்க்கரை. என்ன செய்யலாம்?

தெற்குவாசல்காரன்:

வணக்கம். அப்பாவுக்கு 64 வயது, பன்னிரண்டு வருடமாக சர்க்கரை இருக்கிறது, கடைசியாகப் பார்த்த மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 7.8. போன வாரம் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார், ஆள் தெம்பாகத்தான் இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள்தான் பிரச்சினை. ஆளுக்கொரு கிலோ ஆப்பிளோடு வருகிறார்கள். நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு பழம், எப்படியும் ஏழு கிலோ தேறும். ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரம் வைக்க இடமில்லை.

அம்மா தினமும் காலை இரண்டு ஆப்பிளைத் தோல் சீவி, பால் விட்டு மிக்ஸியில் அடித்து, "சீனி போடவே இல்லப்பா" என்று சொல்லி அப்பாவுக்கு ஒரு பெரிய டம்ளர் கொடுக்கிறார். தோலைச் சீவக் காரணம் மெழுகு பயம். சித்தப்பா ஒருவர் கத்தியால் தோலைச் சுரண்டி, வெள்ளையாக வந்ததை எல்லாருக்கும் காட்டிவிட்டுப் போனார், அன்றிலிருந்து இந்தச் சீவல். பெரியம்மா சொல்வது வேறு: வெட்டி வைத்தால் ஆப்பிள் பழுப்பாகிறதே, அது இரும்புச்சத்தாம், ஆபரேஷனில் போன ரத்தமெல்லாம் ஊறிவிடுமாம்.

இதில் எது உண்மை? சர்க்கரைக்காரர் ஆப்பிள் சாப்பிடலாமா, எவ்வளவு, தோலோடா தோல் இல்லாமலா? அப்புறம், தினம் ஒரு ஆப்பிள் தின்றால் டாக்டரிடமே போக வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்கு ஏதாவது அடிப்படை இருக்கிறதா?

மாத்திரைப்பெட்டி:

முதலில் அந்த மிக்ஸியை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். (நான் டாக்டர் இல்லை, உணவு ஆலோசனை என் வேலை. அப்பாவின் மாத்திரை அளவெல்லாம் அவருடைய டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.)

நடுத்தர ஆப்பிள் ஒன்று சுமார் 180 கிராம் இருக்கும். அதில் 95 கலோரி, 25 கிராம் மாவுச்சத்து, அந்த 25-இல் 19 கிராம் போல இனிப்பு, நாலு கிராமுக்குக் கொஞ்சம் மேல் நார்ச்சத்து. மாவுச்சத்துக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா இரண்டு ஆப்பிள் போடுகிறார் என்றால் காலை டிஃபனுக்கு மேல் இன்னும் நாலு இட்லி, கூடவே பாலில் இருக்கும் இனிப்பு. சீனி போடவில்லை என்பது உண்மைதான், ஆனால் பழத்திலேயே போதுமான அளவு இருக்கிறது.

அதே ஆப்பிளைக் கடித்துத் தின்றால் கதை வேறு. 1977-இல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் ஒரு சோதனை வந்தது. பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுசாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பழத்தைத் தின்பதைவிட பதினோரு மடங்கு வேகத்தில் சாறு உள்ளே போய்விட்டது, மசித்ததைவிட நாலு மடங்கு வேகம். சாறு குடித்தவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவு, இன்சுலின் அதிகமாக ஏறியது, அப்புறம் ரத்தச் சர்க்கரை வெறும்வயிற்று அளவுக்கும் கீழே இறங்கியது. இவ்வளவுக்கும் அவர்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்கள். பழத்துக்குள் இருக்கும் இனிப்பு செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது, பல்லால் மென்று வயிறு மெதுவாகப் பிரித்தெடுக்க வேண்டும். மிக்ஸி அந்த வேலையை அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அம்மா வடிகட்டாமல் கொடுக்கிறார் என்றால் நார்ச்சத்தாவது மிஞ்சும், ஆனாலும் இரண்டு பழத்தை இரண்டு நிமிடத்தில் விழுங்கும் சங்கதி மாறப்போவதில்லை.

தோலைச் சீவினால் நார்ச்சத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். 100 கிராமுக்கு தோலோடு 2.4, தோல் இல்லாமல் 1.3. குவெர்செட்டின் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்புப் பொருளும் பெரும்பாலும் தோலில்தான். ஆக அம்மா நல்லதைக் குப்பையில் போட்டுவிட்டு இனிப்பை டம்ளரில் ஊற்றுகிறார் (கோபித்துக்கொள்ள வேண்டாம், எங்கள் வீட்டிலும் இதே கதைதான்).

பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: பழுப்பாவது இரும்பினால் இல்லை. வெட்டும்போது செல் உடைந்து, அதிலிருக்கும் பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் ஒரு நொதியோடும் காற்றோடும் சேர்வதால் வரும் நிறம் அது, வாழைக்காயும் கத்தரிக்காயும் கருப்பதும் இதே மாதிரிதான். 100 கிராம் ஆப்பிளில் இரும்பு 0.12 மில்லிகிராம். முருங்கைக்கீரையில் நாலுக்கு மேல். ரத்தம் ஊறத்தான் வேண்டும் என்றால் முருங்கைக்கீரைப் பொரியலும் அதன் மேல் கொஞ்சம் எலுமிச்சையும் போதும்.

டாக்டர் பழமொழி வேல்ஸ் நாட்டுப் பக்கத்தது. 1866-இல் அச்சில் வந்த வடிவத்தில், படுக்கப் போகும்போது ஒரு ஆப்பிள் தின்றால் டாக்டர் தன் ரொட்டிக்குச் சம்பாதிக்க முடியாது என்று இருக்கிறது. அதை 2015-இல் அமெரிக்காவில் நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 8,399 பேர், அதில் 753 பேர் தினம் ஆப்பிள் தின்பவர்கள். படிப்பு, வருமானம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது டாக்டரிடம் போவதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஆப்பிள்காரர்கள் சீட்டு எழுதி வாங்கும் மருந்து கொஞ்சம் குறைவு. மருந்துக்கடைக்காரரைத்தான் தள்ளி வைக்கிறது போல.

அப்பாவுக்கு என் யோசனை: சின்னப் பழம் ஒன்று, பெரிசென்றால் பாதி, தோலோடு, காலை பதினோரு மணி வாக்கில், வடைக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாக. கூட ஒரு கைப்பிடி நிலக்கடலை இருந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்ட உடனே அதன் மேல் வேண்டாம். வீட்டில் மெஷின் இருக்குமே, தின்று இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குத்திப் பாருங்கள், அவர் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

கொய்யாக்கட்சி:

ஏழு கிலோ ஆப்பிள் காசுக்கு எத்தனை கிலோ கொய்யா வாங்கியிருக்கலாம்! வைட்டமின் சி 100 கிராம் கொய்யாவில் 228 மில்லிகிராம், ஆப்பிளில் 4.6. நார்ச்சத்தும் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும்போது கொய்யா கொண்டு போனால் "என்ன இவன், இதையா தூக்கிட்டு வந்தான்" என்று பார்ப்பார்கள். ஒரு காலத்தில் ஆப்பிள் வடக்கிலிருந்து வந்த அபூர்வப் பழம், பணக்கார வீட்டு மேஜையில்தான் இருக்கும், அந்த மரியாதைதான் இன்னும் தொடர்கிறது. சத்துக்காக யாரும் வாங்கி வருவதில்லை.

பழமண்டி பாய்:

மெழுகு பற்றி நான் சொல்கிறேன், இருபது வருடமாக இந்த வியாபாரத்தில் இருக்கிறேன்.

ஆப்பிள் மரத்தில் இருக்கும்போதே அதன் தோலில் இயற்கையாக மெழுகு உண்டு. பறித்து, கழுவி, தரம் பிரிக்கும்போது அது கொஞ்சம் போய்விடும், பழம் சீக்கிரம் சுருங்கும். அதனால் மேலே மெல்லிசாக ஒரு பூச்சு கொடுக்கிறார்கள். பிரேசில் பக்கத்துப் பனைமர வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு, தேன்மெழுகு, அரக்கு, இவைதான் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியில் அனுமதி உள்ளவை. உள்ளே போனாலும் ஜீரணமாகாமல் அப்படியே வெளியே போய்விடும். பூச்சு கொடுத்த பழம் என்று லேபிளில் போட வேண்டும் என்பதும் விதிதான், தள்ளுவண்டியில் எங்கே அதைத் தேடுவது என்று கேட்காதீர்கள். சித்தப்பா சுரண்டியதில் பாதி பழத்தின் சொந்த மெழுகாகவே இருந்திருக்கும்.

மெழுகைவிட மருந்து அடித்ததை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும். என் மகள் வேதியியல் படிக்கிறாள், அவள் காட்டிய விஷயம்: 2017-இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஆப்பிளை 12 முதல் 15 நிமிடம் ஊற வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சோதித்த இரண்டு மருந்தில் ஒன்று 80 சதவீதமும் இன்னொன்று 96 சதவீதமும் மேல்தோலிலிருந்து போய்விட்டது. ஒரு லிட்டருக்கு 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் கணக்கு. தோலுக்குள் இறங்கிய கொஞ்சம் போகாது. எங்கள் வீட்டில் இப்போது இதுதான் பழக்கம், சோடாவில் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு தோலோடு தின்கிறோம்.

உங்கள் முப்பத்தெட்டில் சிலது கடித்தால் மாவு மாதிரி இருக்குமே? ஹிமாச்சல் சரக்கு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, காஷ்மீர் சரக்கு அதற்குப் பின்னால் தொடர்ந்து வரும். மற்ற மாதத்தில் கையில் கிடைப்பது குளிர்க்கிடங்கில் இருந்ததோ, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்ததோதான். கிடங்கிலிருந்து வெளியே எடுத்து வெயிலில் வண்டியில் நான்கு நாள் நின்றால் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் இளகிவிடும், பல் பட்டதும் செல் உடைந்து சாறு வராமல் செல்லுக்குச் செல் பிரிந்து மாவாக வரும். கெட்டுப்போனது இல்லை, ருசிதான் போச்சு. கெட்டியாக இருப்பதை மட்டும் பாலித்தீன் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கீரை, வாழைப்பழம் பக்கத்தில் வேண்டாம், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவில் கீரை மஞ்சளாகிவிடும்.

வயித்துவலி வேந்தன்:

எல்லாரும் ஆப்பிளைத் தூக்கிப் பேசுகிறீர்கள், ஒரு வார்த்தை எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். எனக்கு ஒரு ஆப்பிள் தின்றால் சாயங்காலம் வரை வயிறு டிரம் மாதிரி இருக்கும். ரொம்ப நாள் வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், பிறகுதான் ஆப்பிளில் இருக்கும் ஃப்ரக்டோஸ், சார்பிட்டால் என்ற இனிப்புகள் என்னைப் போன்ற குடல்காரர்களுக்கு ஆகாது என்று தெரிந்தது. அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்கிறீர்கள், இப்போதைக்கு உப்புசம் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தினமும் கொடுங்கள்.

இரண்டாவது மகள்:

எங்கள் அம்மா வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் போகிறார். அங்கே கொடுத்த சீட்டில் பழங்களையெல்லாம் அடித்துவிட்டு மிச்சம் வைத்தது ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி, அதுவும் அளவாக. காரணம் பொட்டாசியம், சிறுநீரகம் பழுதானால் அது ரத்தத்தில் தேங்கிவிடும். 100 கிராம் ஆப்பிளில் 107 மில்லிகிராம்தான், வாழைப்பழத்தில் 358. இளநீர் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொய்யாக்கட்சி அண்ணா, உங்கள் கொய்யாவில் நானூறுக்கு மேல், அதனால் எங்கள் வீட்டில் ஆப்பிள்தான் ஜெயித்தது. அம்மாவுக்குப் பகலில் நாலு துண்டு, அதுதான் அவர் ஒரு நாளில் ஆசையாகத் தின்னும் ஒரே பொருள். உப்புத் தண்ணீரில் முக்கி வைத்தால் கறுக்காது, ஆனால் அவருக்கு உப்பும் கூடாதே, அதனால் எலுமிச்சை தடவி வைக்கிறேன்.

தெற்குவாசல்காரர், அப்பாவுக்கு சிறுநீரகப் பரிசோதனை பார்த்து எவ்வளவு நாளாகிறது? பன்னிரண்டு வருட சர்க்கரை என்றதால் கேட்கிறேன்.

மாத்திரைப்பெட்டி:

நல்ல கேள்வி, அதைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று மறந்துவிட்டேன். அப்பா அலர்ஜிக்கு ஃபெக்ஸோஃபெனடின் மாத்திரை போடுகிறவர் என்றால் அதை ஆப்பிள் ஜூஸோடு விழுங்கக்கூடாது, மருந்து உடம்பில் சேருவது குறைந்துவிடும். வெறும் தண்ணீர்தான்.

தெற்குவாசல்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். மிக்ஸி மில்க்‌ஷேக் குடித்து இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்ததில் 238. மறுநாள் அதே டிஃபன், பதினோரு மணிக்குப் பாதி ஆப்பிள் தோலோடு, ஒரு மணிக்கு 161. ஒரு நாள் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாதுதான், ஆனால் அம்மா அந்த இரண்டு எண்ணையும் காலண்டரில் எழுதி வைத்துவிட்டு ஜாரைக் கழுவி மேலே ஏற்றிவிட்டார். உப்புசம் இல்லை. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சோதனை பார்த்துப் பத்து மாதம் ஆகிறது, சனிக்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறோம். பெரியம்மா மட்டும் இரும்பு விஷயத்தில் மசியவில்லை.

மாவாகிப்போனது ஒன்பது பழம் இருக்கிறது. பால்காரர் மாட்டுக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா?

பழமண்டி பாய்:

தாராளமாக. ஆனால் நறுக்கிக் கொடுங்கள் தம்பி, முழுசாகப் போட்டால் மாட்டுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரே நாளில் ஒன்பதையும் போட வேண்டாம்.