அயர்லாந்தில் குளிர்காலக் கணிப்பை நம்பி யாராவது ஏதாவது செய்திருக்கிறீர்களா?

லூக்கன், டப்ளின்

வணக்கம் மக்களே. அக்டோபர் பிறந்தால் போதும், "நூறு நாள் பனி, சைபீரியக் குளிர் இறங்குகிறது" என்று ஏதோ ஒரு செய்தித்தாள் தலைப்பைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். நேற்றும் வந்தது. போன மாதம்தான் ஊரிலிருந்து வந்த தம்பி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, காருக்கு ஸ்னோ டயர் மாற்ற வேண்டுமா?" என்று போன் செய்கிறார். இங்கே அதை மாற்றுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேள்வி இதுதான். இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே வரும் கணிப்பால் யாருக்காவது உண்மையில் பயன் கிடைத்ததா? நீங்கள் அனுபவித்த குளிர், புயல், வெள்ளம் எதுவானாலும் சேர்த்து எழுதுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு உதவும்.

நானே தொடங்குகிறேன். நான் வந்து இறங்கியது 2009 கடைசியில். அடுத்த ஜனவரியிலேயே ரோட்டில் தூவ உப்பு இல்லை என்று நாடே அல்லாடியது. "கவலைப்படாதே, இதெல்லாம் முப்பது வருஷத்துக்கு ஒரு முறை வருவது" என்று அலுவலகத்தில் ஆறுதல் சொன்னார்கள். அதே 2010 நவம்பர் கடைசியில் மறுபடியும் ஆரம்பித்தது, முன்னதைவிடக் கடுமையாக. கிறிஸ்துமஸ் அன்று மேயோ மாவட்டம் ஸ்ட்ரேடில் மைனஸ் 17.5 டிகிரி. இந்த நாட்டில் டிசம்பரில் பதிவானதிலேயே மிகக் குறைவு.

எங்கள் வீட்டில் பாய்லர் நின்றுபோனது. எரிவாயு பாய்லரில் சேரும் நீர் வெளியேற, சுவரைத் துளைத்துக்கொண்டு ஓர் ஒல்லி பிளாஸ்டிக் குழாய் வெளியே போகும். யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. அதற்குள் நீர் உறைந்தால், பாய்லர் கொஞ்ச நேரம் களக் களக் என்று சத்தம் போட்டுவிட்டு அணைந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்து, "கொதிக்கிற நீரை ஊற்றாதே, குழாய் வெடிக்கும், வெதுவெதுப்பாக ஊற்று" என்றார். ஊற்றியதும் விரல் தடிமனில் ஒரு பனிக்குச்சி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அப்புறம் பாய்லர் எரிந்தது. பனி கரைந்த பிறகு வேறு கூத்து. ஊரெங்கும் குழாய்கள் வெடித்து நீர் வீணானதால், டப்ளினில் இரவு நேரத்தில் குழாய்த் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். பக்கெட்டில் பிடித்து வைக்கும் சென்னைப் பழக்கம் கை கொடுத்தது.

நேஸ், கில்டேர்

அண்ணா, 2018-ஐ நான் எழுதுகிறேன். மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்கள் யாரும் அந்த வாரத்தை மறக்க மாட்டார்கள்.

பிப்ரவரி கடைசியில் கிழக்கிலிருந்து குளிர்காற்று. அதன் மேலேயே தெற்கிலிருந்து எம்மா புயல் ஏறி வந்தது. இந்த நாட்டு வானிலை மையமான மெட் ஏரன் நாடு முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. மார்ச் 1 மாலை 4 மணிக்குப் பிறகு யாரும் வெளியே வரக் கூடாது என்று அரசே சொன்னது. அதற்கு முன்பே கடைகளில் ரொட்டி காலி. பால்கூடக் கிடைத்தது, வெட்டிய ரொட்டி மட்டும் எங்கும் இல்லை! இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லித் தங்களையே கேலி செய்துகொள்வார்கள்.

நான் பணியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. அடுத்த ஷிப்ட் ஆட்கள் வர முடியவில்லை. சிலரை ராணுவ வண்டியிலும், சிவில் டிபென்ஸ் தன்னார்வலர்களின் ஜீப்பிலும் கொண்டுவந்து இறக்கினார்கள். உடன் வேலை செய்த ஐரிஷ் அக்கா ஒருவர், டிராக்டரில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். நாங்கள் பிசியோதெரபி அறையில் மெத்தை போட்டுத் தூங்கினோம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஜனவரியில் யாரும் எனக்கு "மார்ச் 1 அன்று மாட்டிக்கொள்வாய்" என்று சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. ஆனால் அந்த வாரத்துக்கு முந்தின வாரக் கடைசியிலேயே வார்டு மேலாளர் "மாற்றுத் துணியோடு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பயன்பட்டது அதுதான்.

புதியவர்களுக்கு ஒரு குறிப்பும். குளிரில் இட்லி மாவு பொங்காது என்று நொந்துகொள்ளாதீர்கள். சுடுநீர்த் தொட்டி இருக்கும் அலமாரி, இவர்கள் ஹாட் பிரெஸ் என்பார்களே, அதில் துண்டு சுற்றி வையுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள். வழிந்தால் வீட்டுக்காரருடைய படுக்கை விரிப்பு எல்லாம் புளிக்கும்.

மேநூத், கில்டேர்

நான் வானிலைத் தரவுகளோடு வேலை செய்கிறவன். நேஸ் அக்கா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். ஜனவரியில் யாருக்கும் தெரியாது, சரி. ஆனால் பிப்ரவரி நடுவில் ஒரு சமிக்ஞை கிடைத்தது.

குளிர்காலத்தில் வடதுருவத்துக்கு மேலே, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று பலமாகச் சுழன்றுகொண்டிருக்கும். சில ஆண்டுகளில் கீழேயிருந்து மேலேறும் அலைகள் மோதி அந்தச் சுழற்சி உடைந்துவிடும். சில நாட்களிலேயே அங்கே வெப்பநிலை பல பத்து டிகிரி ஏறும், காற்றின் திசையே தலைகீழாகும். 2018 பிப்ரவரி 12 வாக்கில் நடந்தது அதுதான். அதன் பாதிப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வழக்கமாக அட்லாண்டிக்கிலிருந்து வரும் இதமான மேற்குக்காற்றை நிறுத்தி, ரஷ்யப் பக்கத்துக் காற்றுக்கு வழி விட்டது. அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த முன்னறிவிப்பு.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் மேலே உடைந்தால் கீழே பனி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2019 ஜனவரித் தொடக்கத்திலும் இதே மாதிரி உடைந்தது. யூடியூப் கணிப்பாளர்கள் எல்லோரும் குதித்தார்கள். ஆனால் அந்தப் பிப்ரவரி இதமோ இதம். லண்டனில் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி அடித்தது, பிரிட்டனில் குளிர்காலத்தில் அதுவரை பதிவாகாத வெப்பம்.

பருவக் கணிப்பு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய வானிலை மையம் மாதம் ஒரு முறை ஏழு மாதம் வரைக்கும் கணக்குப் போடுகிறது. ஒரே கணக்கு அல்ல, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை. அந்த 51-ல் எத்தனை சராசரியைவிடக் குளிர், எத்தனை வெப்பம் என்று எண்ணிப் படம் போடுவார்கள். ஒன்றும் தெரியாவிட்டால் குளிர், நடுத்தரம், வெப்பம் மூன்றுக்கும் தலா 33 விழுக்காடு. அது 50 ஆனாலே எங்களுக்குப் பெரிய செய்தி. பத்திரிகைக்காரருக்கு அது செய்தியே அல்ல, அதனால் 51-ல் மிகக் குளிரான ஒன்றை எடுத்துத் தலைப்பாக்குகிறார்.

பிரிட்டனில் 2009 கோடைக்கு முன்னால் அந்த நாட்டு வானிலை மையம் "பார்பிக்யூ கோடைக்கு வாய்ப்பு" என்று சொன்னது. 65 விழுக்காடு என்ற எண்ணும் கூடவே இருந்தது. ஜூலையில் மழை கொட்டித் தீர்த்தது. வெப்பநிலையை எடுத்துக்கொண்டால் அந்தக் கணிப்பு அவ்வளவு மோசமில்லை, அந்தக் கோடை சராசரிக்குச் சற்று மேலேதான். மழையில் அடுப்பு பற்றவைக்கப் போனவருக்கு அதை யார் விளக்குவது? அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குப் பருவக் கணிப்பு வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். என்னைக் கேட்டால் கணிப்பில் குறையில்லை, "பார்பிக்யூ" என்ற ஒரு சொல்தான் அத்தனை பாடுபடுத்தியது.

முழுக்கப் பயனற்றது என்றும் சொல்ல மாட்டேன். ஐஸ்லாந்துக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையே உள்ள காற்றழுத்த வேறுபாடு கூடினால் இங்கே ஈரமும் காற்றுமான இதமான குளிர்காலம், குறைந்தால் குளிர். அந்த வேறுபாட்டை நவம்பர் தொடக்கத்திலேயே ஓரளவு கணிக்க முடியும் என்று 2014-ல் அதே பிரிட்டிஷ் மையத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மின்சாரம், எரிவாயு வாங்கி விற்கிறவர்களுக்கு அது பணம். நம் வீட்டுத் திருமண நாளுக்கு உதவாது.

அத்லோன், வெஸ்ட்மீத்

2015 டிசம்பரைச் சொல்ல வேண்டும். என் அப்பா அம்மா சைதாப்பேட்டையில். டிசம்பர் 1 இரவு அடையாறு பெருக்கெடுத்து, போன் கிடைக்காமல், யாரோ மாடிக்கு ஏற்றிவிட்டார்கள் என்று தகவல் வந்த பிறகுதான் மூச்சே வந்தது. அந்த வாரக் கடைசியிலேயே இங்கே டெஸ்மண்ட் புயல். ஷானன் ஆறு ஏறத் தொடங்கியது. ராணுவத்தினர் வந்து மணல் மூட்டை அடுக்கினார்கள். சென்னையில் வெள்ளம் ஒரே இரவில் வந்தது. இங்கே ஆறு ஒவ்வொரு நாளும் சில அங்குலம், வாரக்கணக்கில். பக்கத்துத் தெருவில் பம்பு சத்தம் புத்தாண்டு வரைக்கும் நிற்கவில்லை.

அந்த ஆண்டு பலமான எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை. மேநூத் சார், இரண்டுக்கும் காரணம் அதுதானா?

மேநூத், கில்டேர்

சென்னைக்கு ஓரளவு ஆம். எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்யும் வாய்ப்பு அதிகம், அதுவும் உறுதி இல்லை. அயர்லாந்துக்கு அதன் கை அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. முன்குளிர்காலத்தை ஈரமாகவும் இதமாகவும் சாய்க்கும், அவ்வளவே. வெப்பமண்டலத்தில் கடல் வெப்பத்தை வைத்துப் பருவத்தைப் பிடித்துவிடலாம். இங்கே அட்லாண்டிக் மீது ஓடும் மேலடுக்குக் காற்று சில நூறு கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தால் ஒரு வானிலை, தெற்கே நகர்ந்தால் வேறு வானிலை. (சார் எல்லாம் வேண்டாங்க.)

காஸில்பார், மேயோ

இங்கே எங்களைச் சுற்றி மாட்டுப் பண்ணைகள். பக்கத்து வீட்டு விவசாயிக்குத் தொலைக்காட்சிக் கணிப்பைவிட டொனகல் பக்கத்துத் தபால்காரர் ஒருவர் சொல்வதில் நம்பிக்கை. மலை, பறவை, ஆடு மாடுகளின் போக்கைப் பார்த்துப் பருவத்தைச் சொல்கிறவர், நாடறிந்த ஆள். நான் வாதாடுவதில்லை. ஏனென்றால் அந்த விவசாயியும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, வைக்கோல் கணக்கை மட்டும் சொந்தமாகத்தான் போடுகிறார்.

ஏப்ரல் முதல் நாட்களுக்கு இங்கே ஒரு கதை உண்டு. மார்ச் முடிந்ததும் கிழட்டு வரிப்பசு ஒன்று "மார்ச்சால் என்னைக் கொல்ல முடியவில்லை" என்று பெருமை பேசியதாம். மார்ச் கோபித்துக்கொண்டு ஏப்ரலிடம் மூன்று நாள் கடன் வாங்கி, பசுவைக் கொன்று தோலை உரித்துவிட்டதாம். 2013 வசந்தத்தில் புல் முளைக்கவே இல்லை, இங்கிலாந்திலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் தீவனம் இறக்குமதி செய்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் இந்தக் கதையையும் சேர்த்தே சொல்வார். 2018 இன்னும் கொடுமை. மார்ச்சில் பனி, ஜூன் ஜூலையில் வறட்சி, குளிர்காலத்துக்கென்று புளிக்கவைத்துச் சேமித்த புல் தீவனமான சைலேஜைக் கோடையிலேயே பிரிக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று, எங்கள் மாவட்டப் பெருமை. 1944 ஜூனில் பிளாக்ஸாட் முனையில் தபால் அலுவலகத்தில் இருந்த மோரீன் என்ற இளம்பெண் எடுத்த காற்றழுத்த அளவுதான், நார்மண்டி படையிறக்கத்தை 5-ஆம் தேதியிலிருந்து 6-க்குத் தள்ளவைத்தது. அவருக்கே அது பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். 2023-ல் நூறு வயதில் காலமானார்.

சரி, என் அனுபவம். 2025 ஜனவரி 24, எயோவின் புயல். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் பனி கொட்டிய அதே வாரம். அந்தக் குளிர்காற்றும் அட்லாண்டிக் வெப்பமும் சந்தித்ததில் மேலடுக்குக் காற்று பலத்து, புயல் மளமளவென்று வலுத்தது. நாடு முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. கால்வே மாவட்டம் மேஸ் ஹெட்டில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் வீசி, 1945-ல் இருந்து நின்ற நாட்டின் சாதனையை உடைத்தது. ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது.

கிராமத்தில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கிணற்றுத் தண்ணீர் வீடு என்றால் மின்சாரம் போனால் தண்ணீரும் போகும், பம்பு ஓடாது. எங்களுக்குப் பல நாள் இரண்டும் இல்லை. எண்ணெய்த் தொட்டி நிறைய கெரசின் இருந்தும் பாய்லரைப் பற்றவைக்க மின்சாரம் வேண்டும்! கடைசியில் காப்பாற்றியது கரி அடுப்பும், முகாமுக்குப் போகும்போது வாங்கிய சின்ன கேஸ் அடுப்பும்தான். பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த பச்சரிசியில் கஞ்சி. பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி ஒவ்வொரு வீடாகப் போய், ஆளுக்கு ஒரு மணி நேரம் ஃப்ரீசரை ஓடவிட்டார்.

இப்போது செப்டம்பரிலேயே பவர் பேங்க், டார்ச், தண்ணீர் கேன் எல்லாம் எடுத்து வைத்துவிடுகிறோம். அதற்குப் பருவக் கணிப்பு எதற்கு?

கார்க்

எல்லோரும் எழுதியதைப் படித்துப் பயந்துவிட்டேன். நான் வந்து சில மாதம்தான். அப்பா அம்மாவை மதுரையிலிருந்து அடுத்த ஆண்டு அழைத்து வரலாம் என்றிருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி, குளிர் ஆகாது. ஜூலை, ஆகஸ்ட்தான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கோடை எப்படி இருக்கும் என்று எங்கே பார்ப்பது?

லூக்கன், டப்ளின்

தம்பி, அடுத்த கோடையை யாரும் இப்போது சொல்ல மாட்டார்கள். ஆனால் பல ஆண்டுச் சராசரி இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள். இங்கே வெயில் நேரம் அதிகம் மே, ஜூனில்தான். மழை குறைவான மாதம் பல இடங்களில் ஏப்ரல், உங்கள் தெற்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஜூன். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி கூடும், மழையும் கூடும். ஜூனில் நம் பிளஸ் டூ போன்ற தேர்வை எழுதப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்தால் வெளியே வெயில் அடிக்கும் என்று இவர்களே சொல்வார்கள். டிக்கெட் விலையையும் மே கடைசிக்குப் பார்.

நேஸ், கில்டேர்

ஜூலையில் வெயிலும் அடிக்கலாம். 2022 ஜூலை 18 அன்று டப்ளின் ஃபீனிக்ஸ் பார்க்கில் 33 டிகிரி. மதுரைக்காரர் சிரிப்பார், ஆனால் இந்த வீடுகளில் மின்விசிறியே கிடையாது. அன்று கடைகளிலும் தீர்ந்துவிட்டது.

கார்க்

நன்றி அண்ணா, அக்கா. மே கடைசி வாரத்துக்கே பார்க்கிறேன். அப்போ ஸ்வெட்டர் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாமா?

காஸில்பார், மேயோ

சொல்லாதே. மழைக்கோட்டும் சேர்த்து எடுத்துவரச் சொல். குடை வேண்டாம், இங்கே காற்றில் நிற்காது.