கனிமத் தொகுதியா, கனிம உடனிலையா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு பாறையில் சமநிலையில் சேர்ந்திருக்கும் கனிமங்களைக் குறிக்க நம் கலைச்சொல் பட்டியலில் ‘கனிம உடனிலை’ என்று சேர்க்கலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘கனிமத் தொகுதி’ போதுமே. பார்த்தவுடன் விளங்குகிறது. புதிதாக ஒன்றை ஏன் ஆக்க வேண்டும்?

விளங்கும், தவறாக விளங்கும் என்பதுதான் என் கவலை. ஃபெல்ட்ஸ்பார் தொகுதி, மைக்கா தொகுதி என்று இனம் பிரிக்கவே அந்தச் சொல்லைப் பயன்படுத்தி வருகிறோம். உருமாறிய பாறையின் வரலாற்றைத் தேடுபவருக்கு வேண்டியது வேறு: ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், தமக்குள் வினைபுரியாமல் சேர்ந்திருந்த கனிமங்கள். பாறையில் கண்ணுக்குத் தெரிபவை எல்லாம் இதில் அடங்கா.

பழனி மலைத்தொடரின் கிரானுலைட்டை, அதாவது மிகு வெப்பத்தில் உருமாறிய பாறையை, எடுத்துக்கொள்ளுங்கள். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், கார்னெட் என்ற கனிமத்தின் நடுவில் சில்லிமனைட் கனிமத்தின் ஊசிகள் அகப்பட்டுக் கிடக்கும். அதன் விளிம்பையோ கார்டியரைட், ஆர்த்தோபைராக்சீன் என்ற வேறு இரு கனிமங்கள் பின்னிப் பிணைந்து சூழ்ந்திருக்கும். ஊசிகள் கார்னெட் வளர்ந்தபோது விழுங்கியவை, பழையவை. கார்னெட்டும் குவார்ட்ஸும் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஆழத்தில், சண்டையின்றிச் சேர்ந்திருந்தவை. பாறை மேலெழுந்து அழுத்தம் தளர்ந்ததும் அவ்விரண்டும் வினைபுரிந்ததில் பிறந்ததே அந்த விளிம்புப் பின்னல். கார்டியரைட் அடர்த்தி குறைந்தது, இடம் அதிகம் கேட்பது. இறுக்கம் விட்டால்தான் தலைகாட்டும். ஆக, ஒரே சீவலில் மூன்று காலங்கள். எல்லாவற்றையும் ‘தொகுதி’ என்று வாரி, கனிமங்களைக் கொண்டு வெப்பநிலை காணும் கணக்கில் போட்டால், அந்தப் பாறை ஒருநாளும் கண்டிராத வெப்பநிலை விடையாக வரும்.

> ‘உடன்தோற்றம்’ என்று வைக்கலாமா?

கூடாது. சேர்ந்து தோன்றினவா என்பதல்ல, சேர்ந்து நிலைத்தனவா என்பதே கேள்வி. அந்தக் குவார்ட்ஸ் பழைய மணலின் மிச்சமாகவும் இருக்கலாம். கார்னெட்டுடன் சமநிலை எய்திவிட்டால் போதும். பாறையியலாளர்களான இருவர், 1911இல் கோல்ட்ஷ்மிட் இன்றைய ஆஸ்லோ வட்டாரப் பாறைகளிலும், 1915இல் எஸ்கோலா பின்லாந்தின் ஓரியார்வியிலும் பற்றிக்கொண்ட பிடி இந்தச் சமநிலைதான். சொல்லில் அது இல்லாவிட்டால் பயனில்லை.

எனவே என் முன்மொழிவு: கனிம உடனிலை. ‘உச்ச உடனிலை’, ‘பிந்தைய உடனிலை’ என்று காலம் பிரித்துச் சொல்லவும் இது வளைந்துகொடுக்கும்.

---

ஐயா, வணக்கம்.

இலக்கணத்தில் உடனிலை மெய்ம்மயக்கம் என்றால் க்க, ச்ச என ஒரே மெய் இரட்டிப்பது. வெவ்வேறு மெய்கள் சேர்ந்தால் அது வேற்றுநிலை. நீங்கள் சொல்வதோ வெவ்வேறு கனிமங்களின் சேர்க்கை. தமிழாசிரியர் யாரேனும் முகம் சுளிப்பார். துறை வேறு என்பதால் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஓர் ஐயம். ஒரே வேதி இயைபு கொண்ட ஆண்டலுசைட், கயனைட், சில்லிமனைட் என்ற மூன்று கனிமங்களும் ஒரே பாறையில் கிடைத்தால் அது உடனிலையா?

---

அம்மா, இலக்கணத் தடையை ஏற்கிறேன். சொல்லை விட மனமில்லை.

மூன்றும் சமநிலையில் சேர்ந்திருக்கக்கூடிய புள்ளி ஒன்றே ஒன்று: ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை, 4 கிலோபார் அழுத்தம். பாறை சரியாக அங்கே போய் நின்றது என்று நம்புவதைவிட, முன்னதின் மிச்சம் முழுதாக மாறாமல் தங்கிவிட்டது என்று கொள்வதே பெரும்பாலும் சரி. ஆண்டலுசைட்டைச் சில்லிமனைட் அரித்து ஏறியிருக்கிறதா என்று விளிம்பைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அப்படித் தங்கியதற்கு ‘எச்சக் கனிமம்’ என்று பட்டியலில் தனிப் பதிவு போட்டுவிடுகிறேன். மறுப்பு உண்டா?