ஷோல்டர்: தோள் வேண்டாம், உட்கழுத்து என்போம்

வணக்கம் நண்பர்களே,

மாதிரி ராக்கெட்டுக்கு மூக்குக்கூம்பு கடையும்போது, அதன் அடியில் குழாய்க்குள் நுழைகிற உருளைப் பகுதியையும் சேர்த்தே கடைகிறோம். ஆங்கிலத்தில் அது ஷோல்டர். தமிழிலும் 'தோள்' என்றே வைக்கலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லால் எனக்கு ஒரு மூக்கே வீணானது.

கடைசல் தெரிந்த தச்சர் ஒருவரிடம் படம் வரைந்து கொடுத்தேன். குழாயின் உள்விட்டம் 24.1 மி.மீ., வெளிவிட்டம் 24.8 மி.மீ. 'தோள் விட்டம் 24 மி.மீ.' என்று எழுதியிருந்தேன். அவர் கூம்பின் அகன்ற அடிப்பகுதியை 24க்குக் கடைந்து, அதற்குக் கீழே இன்னும் ஒடுக்கிவிட்டார். குழாயின் மேல் உட்கார வேண்டிய மூக்கு உள்ளேயே இறங்கிப் போனது. அவர்மேல் தவறில்லை. தோள் உடம்பில் அகன்ற இடம்தானே? தச்சு வேலையிலும் ஷோல்டர் என்பது செருகும் நாக்கு அல்ல, நாக்கு தொடங்கும் இடத்திலுள்ள படி. ராக்கெட்காரர்கள்தான் செருகும் பகுதிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அந்தக் குழப்பத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

என் பரிந்துரை: உட்கழுத்து. தலைக்குக் கீழே ஒடுங்குவது கழுத்து. குழாய்க்குள் போவதால் உட்கழுத்து. 'செருகி' நல்ல சொல்தான், ஆனால் கணினியில் அது ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது.

இதற்குத் தெளிவான பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. உட்கழுத்து இறுகினால், பாராசூட்டை வெளியே தள்ளுவதற்காக உள்ளே மருந்து வெடித்தாலும் மூக்கு கழலாது, பாராசூட் வெளியே வராது. தளர்ந்தால் பறக்கும்போதே கழன்றுவிடும். இலேசான பால்சா மரத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும், கடைசலிலிருந்து கழற்றிக் குழாயை மாட்டிப் பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதும் இந்தப் பகுதிக்காகத்தான். தளர்ந்துவிட்டால் ஒட்டுநாடா சுற்றிச் சமாளிக்கலாம். அப்புறம், மேற்பூச்சு ஏறினால் விட்டமும் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பெரிய குழாயையும் சிறியதையும் இணைக்கும் இடைத்துண்டுக்கு இரு முனையிலும் இது உண்டு. மேல் உட்கழுத்து, கீழ் உட்கழுத்து என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை. கூம்பும் உட்கழுத்தும் சந்திக்கும் விளிம்புக்குப் 'படி' போதும். அதன் உயரம் குழாய்ச் சுவரின் தடிமன் அளவுதான்.

'மூக்குக்கூம்பு' மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நாம் கடைவதில் பெரும்பாலானவை கூம்பே அல்ல, வளைந்து கூர்பவை. சரி, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். உட்கழுத்தைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள், மகிழ்ச்சியாக மாற்றிக்கொள்கிறேன்.