மறு: கேட்ச்லைட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். படத்தில் கண்ணில் விழும் வெளிச்சப் புள்ளியான கேட்ச்லைட்டுக்கு விழிச்சுடர், விழிப்பொறி, கண்மினுக்கு என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. என் பரிந்துரை ஒளிப்பொட்டு.

பறவைப் படத்தில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒருவர் கேட்டிருந்தார். தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கொல்லைக்குத் தினமும் வருபவை தவிட்டுக்குருவியும் கரிச்சானும். தவிட்டுக்குருவிக்கு வெளிறிய கண். மந்தாரமான நாளிலும் கண் தனியாகத் தெரியும். கரிச்சான் அப்படியல்ல (மலையாளம் பேசும் பக்கத்து வீட்டார் ஆனறாஞ்சி என்பார்கள்). உடம்பு முழுக்கக் கருப்பு, கண்ணும் இருண்ட செம்பழுப்பு. காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தால் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும், பறவைக்கு உயிர் வரும். எதிர்வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடமே தெரியாது. அந்தப் புள்ளிக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> சுடர் அழகான சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே?

அழகுதான், ஆனால் சுடர் தானே எரிவது. கேட்ச்லைட் கண்ணுக்குள்ளிருந்து வருவதில்லை. கண்ணின் முன்பக்கத்தில் உள்ள கார்னியா ஈரமும் வழவழப்புமான குவியாடி; வெயிலோ வானமோ அதில் சிறிதாகப் பிரதிபலிக்கிறது, அவ்வளவே. நேர்வெயிலில் கூர்மையான ஒரு புள்ளி, மேகமூட்டத்தில் அகலமான வெளிறிய பட்டை, ஃப்ளாஷும் போட்டால் இன்னொன்று.

இதைவிடப் பெரிய சிக்கல் பக்கி என்ற இரவுப் பறவை. ராத்திரி மண்பாதையில் உட்கார்ந்திருக்கும் பக்கியின் மேல் வண்டி விளக்கு பட்டால் கண் சிவந்து ஒளிர்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே வெளிச்சம் கண்ணுக்குள் போய், விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் எதிரொளிக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பி வருகிறது. அது ஐஷைன், இது கேட்ச்லைட். ஒன்று ஆழத்திலிருந்து வருவது, மற்றது மேற்பரப்பில் நிற்பது. சுடர், ஒளிர்வு போன்ற சொற்களைப் பக்கிக்கு விட்டுவைப்பதே நல்லது. கண்ணொளிர்வு என்றால் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

> விழிப்பொறி?

ஐம்பொறிகளில் ஒன்று விழி. பார்க்கும் உறுப்பு என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். கண்மினுக்கு என்றால் விட்டுவிட்டு மினுங்குவது போல இருக்கிறது. நிழற்படத்தில் அது அசையாமல் நிற்கிறது.

> கரிச்சானுக்கு வாயோரத்தில் ஏற்கெனவே ஒரு வெண்பொட்டு உண்டே. குழப்பாதா?

நல்ல கேள்வி. வளர்ந்த கரிச்சானுக்கு அலகு தொடங்கும் வாயோரத்தில் அந்த வெண்பொட்டு உண்டு, தொலைவிலிருந்து எடுத்த படத்தில் அதையே கண் என்று நினைத்து ஃபோகஸ் வைப்பவர்களும் உண்டு. அதனால்தான் வெறும் பொட்டு என்று விடாமல் ஒளியைச் சேர்க்கிறேன். இறகில் இருப்பது வெண்பொட்டு, கண்ணில் இருப்பது ஒளிப்பொட்டு. கண்பொட்டு என்று சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பொட்டைக்கண் என்ற பழைய வசைச்சொல் பக்கத்திலேயே நிற்கிறது.

பொட்டு என்பதே வெளியிலிருந்து மேலே வந்து அமர்வதுதானே. மலையாளத்திலும் பொட்டு பொட்டுதான், எல்லைக்கு இரண்டு பக்கமும் புரியும். வினையும் இயல்பாகச் சேர்கிறது. வெளிச்சம் சரியாக இருந்தால் பொட்டு விழுகிறது. இல்லாததை மென்பொருளில் வரைந்தால் அது பொட்டு வைப்பது. இரண்டுக்கும் உள்ள நேர்மை வித்தியாசத்தை ஒரு வினைச்சொல்லே காட்டிவிடுகிறது! படப் போட்டிக்கு விதி எழுதுபவர்களுக்கு இது மிகவும் உதவும் என்று நம்புகிறேன். சுடரையோ பொறியையோ இப்படி வைக்கவும் விழவைக்கவும் முடியாது.

ஒன்றுக்கு மேல் இருந்தால் இரட்டை ஒளிப்பொட்டு. பறவை சிமிட்டும்போது மூன்றாம் இமை குறுக்கே வந்து கண் பால்நிறமாகத் தெரியும் படங்களுக்கு இமைமறைப்பு என்று சொல்லலாமா? அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஈழத்து நண்பர்களிடம் வேறு வழக்கு இருந்தால் எழுதுங்கள். ஒளிப்பொட்டுக்கு மறுப்பு இருந்தாலும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு சொல்லுங்கள், சேர்த்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து