செயலித் திரைமேல் எழும் டயலாக் பெட்டியின் அகலம் சொல்பேச்சு கேட்கவில்லை. உங்களுக்கும் நடந்ததுண்டா?

தூக்கமில்லாதவன்:
ஆண்ட்ராய்டில் ஒரு சின்ன டயலாக். லேஅவுட் கோப்பில் அகலத்துக்கு மேட்ச் பேரன்ட் (இருக்கும் இடம் முழுக்க நிரப்பு) என்று எழுதியிருந்தேன். ஓட்டிப் பார்த்தால் திரை நடுவில் ஒல்லியாக நிற்கிறது. அந்தக் கோப்பை இன்ஃப்ளேட் செய்யும்போது (திரைப் பொருளாக்கும்போது) தாங்கும் சட்டமான பேரன்ட் இடத்தில் நல் (ஒன்றுமில்லை) கொடுத்திருந்ததால், வெளிச் சட்டத்தில் எழுதிய அளவுகள் காற்றோடு போயிருந்தன. சரி, விண்டோவிடமே சொல்லிவிடலாம் என்று அளவு வைக்கும் செட்லேஅவுட் கட்டளையை எழுதினேன். அதுவும் பலிக்கவில்லை. ஒரு மாலை முழுக்கப் போனபின்தான் கண்ணில் பட்டது: அந்த வரி, உள்ளடக்கத்தைப் பொருத்தும் செட்கன்டென்ட்வியூவுக்கு முன்னால் இருந்தது. டயலாக் மிதக்கும் விண்டோ என்பதால், உள்ளடக்கத்தைப் பொருத்தும்போது சிஸ்டம் அகலம், உயரம் இரண்டையும் ராப் கன்டென்ட் (உள்ளடக்கத்தின் அளவே) ஆக்கிவிடுகிறது. டயலாக்கைக் காட்டும் ஷோவுக்குப் பின்னால் அந்த வரியை நகர்த்தினேன், அடங்கியது.

அரைப்புள்ளி:
அதே கூத்து எனக்கு டயலாக்ஃபிராக்மென்டில் (டயலாக்கைத் தாங்கி நடத்தும் ஆண்ட்ராய்டு வகுப்பு). உள்ளடக்கம் உருவாகும் ஆன்கிரியேட்வியூவில் எழுதி ஏமாந்து, டயலாக் திரைக்கு வரும் ஆன்ஸ்டார்ட்டுக்கு மாற்றினேன். அப்போதும் இரு ஓரத்திலும் இடைவெளி போகவில்லை. அது பின்னணிப் படத்திலேயே இருக்கும் 16 டிபி (திரை அடர்த்திக்கேற்ப மாறும் அளவலகு) ஓரம். பின்னணியை ஒளிபுகும் நிறமாக்கினால் போய்விடும். கூடவே வளைந்த மூலைகளும் போய்விடும், அதை நாமே வரைய வேண்டும்.

விட்ஜெட்பித்தன்:
ஃப்ளட்டரில் (செயலி எழுதும் இன்னொரு கருவித்தொகுப்பு) அலர்ட்டயலாக் பக்கவாட்டில் 40, மேலும் கீழும் 24 என்று தானாகவே இடம் விடும். அந்த இடத்தைச் சொல்லும் இன்செட்பேடிங்கைக் குறைத்தால் தீர்ந்தது. உள்ளே உருளும் பட்டியலான லிஸ்ட்வியூ வைத்தால்தான் வம்பு. டயலாக் தன் பிள்ளையின் இயல்பான அகலத்தைக் கேட்கும், லிஸ்ட்வியூவுக்குச் சொல்லத் தெரியாது, சிவப்பாகப் பிழை கொட்டும். அதை அளவு கட்டும் சைஸ்டுபாக்ஸில் சுற்றி அகலம் கொடுத்தேன்.

பழையகை:
அகலத்தை எப்படியும் பிடித்துவிடலாம். உயரத்தை எண்ணால் கட்டாதீர்கள். நான் 300 டிபி என்று கட்டினேன், என் போனில் அழகாக இருந்தது. எழுத்தைப் பெரிதாக வைத்திருந்த ஒருவர், "சம்மதம் என்று அழுத்தச் சொல்கிறீர்கள், எதை அழுத்துவது?" என்று எழுதினார். பட்டன் டயலாக்குக்கு வெளியே போயிருந்தது! அப்புறம் உயரத்தை உள்ளடக்கத்திடம் விட்டேன், செய்தியை மட்டும் ஸ்க்ரோலுக்குள் போட்டேன், பட்டன்களை அதற்கு வெளியே வைத்தேன். டேப்லெட்டில் கோடியிலிருந்து கோடிவரை நீளாமலிருக்க 560 டிபி உச்சவரம்பு. கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது.

தூக்கமில்லாதவன்:
இதைப் படித்துவிட்டு என்னுடையதைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்த்தேன். பட்டனைக் காணோம்.